"ரெண்டு பர்சன்ட் தானுங்க மேடம்": கார்டு மெஷின் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு

போன வாரம் ஒரு மொபைல் கடைக்காரர் வங்கியிலிருந்து வந்த கடிதத்தோடு, வியாபாரிகளுக்குக் கணக்குப் பார்க்கும் என் அலுவலகத்துக்கு வந்தார். அவர் கடையில் ஒருவர் 23,600 ரூபாய்க்கு போன் வாங்கியிருக்கிறார். மெஷினில் தேய்த்தது 24,072. "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா" என்று கவுண்டர் பையன் சொல்லியிருக்கிறான். வாங்கியவர் சும்மா விடவில்லை. பில்லையும் கார்டு சீட்டையும் சேர்த்து வைத்து வங்கிக்குப் புகார் எழுதிவிட்டார்.

"எல்லாக் கடையிலயும் வாங்கறாங்க மேடம், என்னைய மட்டும் கேக்கறாங்க" என்றார் கடைக்காரர்.

"அது என்ன கார்டுங்ணா?"

"டெபிட் கார்டுதானுங்க. ரூபே."

எனக்கு வந்த கோபத்தை டீயோடு சேர்த்து விழுங்கினேன். ரூபே டெபிட் கார்டுக்கு 2020 ஜனவரி 1 முதல் கடைக்காரரிடம் எம்டிஆர், அதாவது கார்டில் நடந்த விற்பனைக்காக வங்கி பிடிக்கிற கட்டணம், வாங்கவே கூடாது. யுபிஐக்கும் அதே நாளிலிருந்து அப்படித்தான். அந்த விற்பனையில் வங்கி இவரிடம் ஒரு பைசா எடுக்கவில்லை. இவர் வாடிக்கையாளரிடம் 472 ரூபாய் எடுத்திருக்கிறார். கேட்டால், "அது வங்கிக்குப் போகுதுங்க" என்கிறார். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நம்பிக்கொண்டிருக்கிறார்.

இந்த ஒரு மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்த "எக்ஸ்ட்ரா" சமாச்சாரம். டெபிட் கார்டு கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கிரெடிட் கார்டு என்றால் நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் புரட்டுங்கள், பெரும்பாலும் அங்கேயும் கூடாது என்றுதான் இருக்கும். இன்னொன்று, அந்த 472 ரூபாய் பில்லில் இல்லை, ஆனால் மெஷின் கணக்கில் இருக்கிறது. பொருளோடு சேர்த்து வாங்குகிற இப்படிப்பட்ட தொகைக்கும் ஜிஎஸ்டி உண்டு. நாளைக்கு யாராவது மெஷின் ரிப்போர்ட்டையும் உங்கள் விற்பனைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன சொல்வீர்கள்? கிரெடிட் கார்டாக இருந்தால் கூட்டித் தேய்த்த 472க்கும் சேர்த்துத்தான் வங்கி கட்டணம் பிடிக்கும். அதையாவது யோசித்தீர்களா?

சரி, இப்போது அந்த "ரெண்டு பர்சன்ட் தானே"வுக்கு வருகிறேன். இருபது வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன், இவ்வளவு எரிச்சல் தருகிற வார்த்தை வேறொன்று இல்லை.

எதில் ரெண்டு பர்சன்ட்? லாபத்தில் இல்லை, விற்பனையில். அதுவும் வரியோடு சேர்ந்த மொத்தத் தொகையில். அதே போனை எடுத்துக்கொள்வோம். விலை 20,000, ஜிஎஸ்டி 18% சேர்த்து 23,600. கடைக்காரருக்கு இதில் நாலு சதவீதம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் லாபம் 800 ரூபாய். ஒருவர் கிரெடிட் கார்டு நீட்டுகிறார், கட்டணம் 1.9%. வங்கி 23,600க்குக் கணக்குப் போட்டு 448 ரூபாய் 40 காசு எடுத்துக்கொள்ளும். அதில் 68 ரூபாய் 40 காசு, நீங்கள் அரசாங்கத்துக்காக வசூலித்துக் கொடுக்கிற 3,600 ரூபாய் வரிக்கான கட்டணம். உங்கள் பணமே இல்லாத பணத்துக்கு நீங்கள் கட்டணம் கட்டுகிறீர்கள்.

800ல் 448 போனால் மிச்சம் 352. வாடகை, கரண்ட் பில், பையன் சம்பளம் எல்லாம் இதற்குள்தான். ரெண்டு பர்சன்ட் என்று சொல்லிக்கொண்டு லாபத்தில் பாதிக்கு மேல் கொடுத்திருக்கிறீர்கள். மளிகைக்கடையில் எட்டு சதவீதம் நிற்கிறது என்றால், அங்கே கிட்டத்தட்ட கால் பங்கு. ஜவுளிக்காரருக்கும் நகைக்கடைக்காரருக்கும் வேறு வேறு கணக்கு. பக்கத்துக் கடைக்காரர் "எனக்குக் கட்டுப்படியாகுது" என்றால் அது அவருடைய மார்ஜின்.

கார்டு எல்லாம் ஒன்று என்று நினைப்பது அடுத்த தப்பு. அதே 23,600ஐ ரூபே டெபிட்டில் தேய்த்தால் கட்டணம் இல்லை. விசா அல்லது மாஸ்டர்கார்டு டெபிட் என்றால், முந்தைய நிதியாண்டில் 20 லட்சத்துக்கு மேல் விற்ற கடைக்கு அதிகபட்சம் 0.9%, அதாவது 212 ரூபாய். 20 லட்சத்துக்குள் விற்ற சின்னக் கடைக்கு அதிகபட்சம் 0.4%, 94 ரூபாய்தான். ஒரு பரிவர்த்தனைக்கு உச்சவரம்பும் இருக்கிறது. பெரிய கடைக்கு 1,000 ரூபாய், சின்னக் கடைக்கு 200 ரூபாய். இது 2018 ஜனவரி 1ல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி, புதுச் செய்தி ஒன்றுமில்லை.

கிரெடிட் கார்டுக்கு இப்படி அரசு வைத்த வரம்பு கிடையாது. நீங்கள் பேசி வாங்குவதுதான். ஏர்போர்ட்டில் லவுஞ்ச், பாயின்ட் மேல் பாயின்ட் என்று கொடுக்கிற உயர்ரகக் கார்டுகள், கம்பெனி பெயரில் வருகிற கார்டுகள், வெளிநாட்டுக் கார்டுகள், இவற்றுக்கு விகிதம் இன்னும் ஏறும். 2.6% என்றால் மேலே சொன்ன போனில் 613 ரூபாய் போய், 186 ரூபாய் மிஞ்சும். அந்தப் பாயின்ட்டெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிந்திருக்கும்.

மெஷின் விற்க வரும் தம்பி இதையெல்லாம் சொல்ல மாட்டார். "ஒன் பாயின்ட் டூவிலிருந்து ஸ்டார்ட் ஆகுது சார்" என்பார். "ஸ்டார்ட்" என்ற வார்த்தையைக் காதில் வாங்குங்கள். அவரிடம் கார்டு வகை வாரியாக விகிதம் எழுதிய தாளைக் கேளுங்கள். விண்ணப்பத்தில் வருட விற்பனை என்ற கட்டத்தை அவரையே நிரப்ப விடாதீர்கள். 18 லட்சம் விற்கிற பேக்கரிக்காரர் ஒருவரிடம் ஒன்றரை வருடமாக 0.9% பிடித்திருக்கிறார்கள். படிவத்தில் யாரோ பெரிய கடைக்கான கட்டத்தில் டிக் அடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். எழுதிக் கொடுத்த பிறகு மாறியது. பழைய பணம் திரும்ப வரவில்லை.

இனி நான் தினமும் மல்லுக்கட்டுகிற விஷயம். வங்கிக் கணக்கில் வந்து விழுந்த பணத்தை விற்பனை என்று எழுதாதீர்கள். தயவு செய்து எழுதாதீர்கள். மாதம் 6,40,000 ரூபாய்க்குக் கார்டில் விற்றிருக்கிறீர்கள். சராசரி 1.7% கட்டணம் 10,880. அதற்கு 18% ஜிஎஸ்டி 1,958 ரூபாய் 40 காசு. இரண்டும் போக வங்கியில் வருவது 6,27,161 ரூபாய் 60 காசு. பகுதி நேரமாக வந்து கணக்கு எழுதுகிற தம்பி பாஸ்புக்கைப் பார்த்து 6,27,161 என்று விற்பனையில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார். இதனால் விற்பனை 12,838 ரூபாய் குறைவாகக் காட்டப்படுகிறது. அந்தத் தொகைக்கு வரி குறைகிறது, கேட்டால் வட்டியோடு கட்ட வேண்டும். இன்னொரு பக்கம், நீங்கள் வங்கிக்குக் கட்டிய 1,958 ரூபாய் ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்திருக்கலாம், அதுவும் போகிறது. வருடத்துக்கு 23,500 ரூபாய். வாசலில் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்கள் நாம்.

விற்பனை முழுத் தொகை. கட்டணம் தனிச் செலவு. கட்டணத்தின் மேல் வந்த ஜிஎஸ்டி தனிப் பதிவு. மூன்றே பதிவு, அஞ்சு நிமிஷ வேலை.

அந்த உள்ளீட்டு வரி கைக்கு வர இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் ஜிஎஸ்டி எண்ணை மெஷின் கொடுத்த வங்கியிடம் பதிந்திருக்கிறீர்களா? அநேகம் பேர் இல்லை. மெஷின் கடை பெயரில், பணம் போவது அண்ணன் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கில், ஜிஎஸ்டி அம்மா பெயரில். இப்படி இருந்தால், நீங்கள் எடுக்கக்கூடிய உள்ளீட்டு வரியைக் காட்டுகிற ஜிஎஸ்டிஆர் 2பி பட்டியலில் அந்தத் தொகை எப்படி வரும்? மாதா மாதம் 2பியில் வங்கியின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கிளைக்குப் போய் எண்ணைக் கொடுங்கள்.

ஒரே முறையில் 2,000 ரூபாய் வரை தேய்த்தால் அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. இதை எங்கேயோ கேட்டுவிட்டு ஒரு புத்திசாலி 8,000 ரூபாய் பில்லை நான்கு தடவையாகத் தேய்க்க ஆரம்பித்தார். மிச்சமானது 27 ரூபாய். அதையும் அவர் உள்ளீட்டு வரியாக எடுக்க முடிந்தவர்தான். பின்னால் நின்ற நாலு பேர் பக்கத்துக் கடைக்குப் போனதுதான் கண்ட பலன்.

விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களும், உள்ளீட்டு வரி இல்லாமல் 5% கட்டுகிற ஹோட்டல்காரர்களும் இந்த 18 சதவீதத்தைத் திரும்ப எடுக்க முடியாது. 1.9% என்பது உங்களுக்கு நிஜத்தில் 2.24%. காம்போசிஷனில் உள்ள வியாபாரி அரசாங்கத்துக்குக் கட்டுகிற வரி 1%. அதற்கு என்னிடம் வந்து ஒரு மணி நேரம் புலம்புவார். கார்டுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போவதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. வரி நோட்டீஸில் வருகிறது, இது சத்தமில்லாமல் போகிறது.

மெஷின் வாடகை. மாதம் 500, ஜிஎஸ்டியோடு 590 என்று வையுங்கள். மாதம் பதினைந்தாயிரத்துக்குத்தான் கார்டில் விற்கிறீர்கள் என்றால், எம்டிஆர் தொடங்கும் முன்பே விற்பனையில் கிட்டத்தட்ட 4% வாடகைக்குப் போயாச்சு. சில ஒப்பந்தங்களில் மாதம் இவ்வளவு தேய்க்காவிட்டால் கூடுதல் வாடகை என்று ஒரு வரி இருக்கும். அன்றைக்கே பணம் வேண்டும் என்றால் அதற்குத் தனிக் கட்டணம் இருக்கும். பொருள் திரும்பி வந்து பணத்தைத் திருப்பினால், பிடித்த கட்டணம் திரும்பி வராமலும் போகலாம். அதனால் தப்பாகத் தேய்த்ததை அன்றைய கணக்கை மெஷினில் முடிக்கிற செட்டில்மென்ட் அடிப்பதற்கு முன்பே 'வாய்ட்', அதாவது ரத்து, செய்யப் பழகுங்கள்.

"அதுக்குத்தான் மேடம் நாங்க க்யூஆர் மட்டும் வெச்சிருக்கோம், எல்லாம் ஃப்ரீ" என்பவர்களுக்கு: வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யுபிஐ பணத்துக்குக் கட்டணம் இல்லை, உண்மைதான். ஆனால் இப்போது ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து அதே க்யூஆரில் கட்ட முடியும். சின்னக் கடைகளுக்கு 2,000 ரூபாய் வரை அதற்குக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் உண்டு. பணம் வந்ததைக் கத்திச் சொல்கிற அந்தப் பெட்டிக்கும் மாத வாடகை இருக்கிறது, அதை மட்டும் அது கத்திச் சொல்லாது.

இதையெல்லாம் படித்துவிட்டு "கேஷ் ஒன்லி" என்று போர்டு மாட்டிவிடாதீர்கள், அது நான் சொல்ல வந்தது இல்லை. ரொக்கத்துக்கும் செலவு உண்டு. எண்ண ஆள் வேண்டும், கள்ள நோட்டு வரும், வங்கியில் அளவுக்கு மேல் கட்டினால் அங்கேயும் கட்டணம். வருமான வரியில், விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் கணக்குக் காட்டுகிற சிறு வியாபாரிகளுக்கு, ரொக்க விற்பனைக்குக் குறைந்தது 8% லாபம் என்று வைத்தால், கார்டு, யுபிஐ வழியாக வந்ததற்கு 6% போதும். 40 லட்சம் அப்படி வந்தால் காட்ட வேண்டிய லாபம் 3,20,000லிருந்து 2,40,000 ஆகிறது. கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அப்புறம் ஒன்று, இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். தெரிந்தவர்கள் வந்து "கார்டைத் தேய்ச்சுட்டு கேஷா கொடுங்க, மூணு பர்சன்ட் வெச்சுக்கோங்க" என்றால் செய்யாதீர்கள். பொருள் போகாத விற்பனை உங்கள் மெஷினில் ஏறுகிறது. பில் போட்டால் இல்லாத சரக்குக்கு வரி, போடாவிட்டால் கணக்கில் ஓட்டை. ஒப்பந்தத்தை மீறியதாக வங்கி மெஷினைப் பிடுங்கலாம், பணத்தை நிறுத்தி வைக்கலாம். அப்போது மச்சினன் நண்பன் யாரும் உதவிக்கு வர மாட்டார்கள், என்னிடம்தான் வருவீர்கள்.

போன் வாங்கியவருக்கு 472 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, அவரிடம் எழுதி வாங்கி வங்கிக்கு அனுப்பும்படி மொபைல் கடைக்காரரிடம் சொன்னேன். கவுண்டரில் ஒட்டியிருந்த "கார்டு 2%" தாளைக் கிழித்துவிட்டதாகப் போனில் சொன்னார். பிறகு ஆறு மாத ஸ்டேட்மென்ட்டைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் இரண்டு மெஷினுக்கு வாடகை போயிருந்தது.

"ரெண்டாவது மெஷின் எங்கீங்ணா?"

"அது பழசுங்க. புதுசு வந்தப்பவே நிறுத்திட்டனுங்களே. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு."

நிறுத்தியது என்றால் பட்டனை அழுத்தி அணைத்திருக்கிறார். எழுதிக் கொடுத்து, மெஷினை ஒப்படைத்து, ரசீது வாங்கவில்லை. பழைய ஸ்டேட்மென்ட்டுகளையும் எடுத்துப் பார்த்தோம். மாதம் 590 வீதம் பதினாலு மாதம், 8,260 ரூபாய். மெஷின் கல்லாவுக்குக் கீழே பழைய பில் புத்தகங்களோடு கிடக்கிறதாம். சார்ஜர் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறார்.