கர்ப்ப காலத்தில் ஈறுகளில் ரத்தம் கசிவது ஏன்?

கருவுற்ற இரண்டாம் மாதம் தொடங்கிப் பல பெண்கள், காலையில் பல் துலக்கித் துப்பும்போது எச்சிலோடு ரத்தமும் வருவதைக் காண்கிறார்கள். மசக்கையால் பிரஷ்ஷை வாயில் வைக்கவே முடியாமல் தவிப்பவர்கள், ரத்தத்தைப் பார்த்ததும் பயந்துபோய் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவதும் உண்டு. ‘பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று வீட்டிலுள்ளவர்களும் சொல்லிவிடுகிறார்கள். ஈறு மேலும் கெடுவதற்கு இந்த ஒத்திப்போடுதலே முதற்காரணம் ஆகிவிடுகிறது.

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் நுண்ணிய பள்ளம் ஒன்று உள்ளது. நலமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். நாக்கால் தடவினால் பிசுபிசுப்பாகத் தட்டுப்படும் கிருமிப்படலம் இந்தப் பள்ளத்தை ஒட்டியே படிகிறது. அதை எதிர்ப்பதற்காக உடல் அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களை விரித்து வெள்ளணுக்களை அனுப்புவதால் ஈறு சிவந்து தடிக்கிறது. இது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் கர்ப்பிணியின் உடலில், பேறுகாலம் நெருங்கும்போது, புரோஜெஸ்டிரோன் மாதவிடாய்ச் சுழற்சியின் உச்ச அளவைவிடச் சுமார் 10 மடங்கும் ஈஸ்ட்ரோஜன் சுமார் 30 மடங்கும் உயர்கின்றன. இந்த ஹார்மோன்களை உணரும் ஏற்பிகள் ஈறுத் திசுவிலும் இருப்பதால், ரத்தக்குழாய்ச் சுவர்கள் எளிதில் கசியத் தொடங்குகின்றன. பள்ளத்தில் ஊறும் நீர் பெருகுகிறது. வீக்கத்தைக் கட்டுக்குள் வைக்கும் எதிர்ப்பாற்றலின் போக்கும் மாறுகிறது. அடுப்பில் நெருப்பு வைப்பது கிருமிப்படலம் என்றால், ஊதுகுழலால் ஊதிவிடுவது ஹார்மோன்.

கிருமிகளின் கூட்டமும் மாறுகிறது. பிரெவொடெல்லா இன்டர்மீடியா என்ற பாக்டீரியா, தன் வளர்ச்சிக்குத் தேவையான வைட்டமின் கே வகைப் பொருளுக்குப் பதிலாக இந்த ஹார்மோன்களையே பயன்படுத்திக்கொள்ளக்கூடியது என்பதையும், கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் அதன் விகிதம் கூடுவதையும் அமெரிக்க ஆய்வாளர்களான கோர்ன்மனும் லோஷும் 1980களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார்கள்.

இந்த வீக்கத்தை முதன்முதலாக முறையாக அளந்தவர்களுள் நார்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞர் ஹரால்ட் லோவும் அவருடைய சக ஆய்வாளர் சில்னஸும் முக்கியமானவர்கள். ஈறின் நிலையை 0 முதல் 3 வரை மதிப்பிடும் அளவுகோலை அவர்கள் 1963இல் வெளியிட்டது கர்ப்பிணிகளைப் பற்றிய ஆய்வில்தான். பல் மருத்துவ ஆய்வுகளில் அது இன்றும் பயன்படுகிறது. வீக்கம் இரண்டாம் மாதத்தில் தலைகாட்டி, எட்டாம் மாதத்தில் உச்சத்தைத் தொட்டு, அதன்பின் தணிவதை அவர்கள் கண்டார்கள்.

சிலருக்கு இரு பற்களுக்கு நடுவே, தொட்டாலே ரத்தம் வரும் செந்நிறச் சதைத்திரட்சி தோன்றலாம். மருத்துவ நூல்கள் இதைக் ‘கர்ப்பக் கட்டி’ என்று குறிப்பிட்டாலும் இது புற்றுநோய் அன்று. பெரும்பாலும் மகப்பேற்றுக்குப் பின் தானாகவே சுருங்கிவிடும். எனினும் வாயில் தோன்றும் எந்தத் திரட்சியையும் மருத்துவர் பார்த்துவிடுவது நல்லது.

ஈறுநோய்க்கும் குறைமாதப் பிறப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1996இல் அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர் ஆஃபன்பாக்கரின் குழுவினர் எழுதியது பெரும் கவனத்தைப் பெற்றது. அதைச் சோதிக்க, அமெரிக்காவில் ஈறுநோய் கொண்ட 823 கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 21ஆம் வாரத்துக்கு முன்பும் மற்றவர்களுக்கு மகப்பேற்றுக்குப் பின்பும் ஈறுகளை ஆழமாகச் சுத்தம் செய்தார்கள். 2006இல் வெளியான முடிவின்படி, குறைமாதப் பிறப்பு முதல் பிரிவில் 12.0 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 12.8 விழுக்காடு, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஈறுச் சிகிச்சை குறைமாதப் பிறப்பைத் தடுக்கவில்லை என்பதே பரவலாகப் பேசப்பட்டது. என் பார்வையில், ஒரு கர்ப்பிணிக்கு அதைவிடப் பயன்படும் செய்தி அதே ஆய்வில் இருக்கிறது: சிகிச்சை பெற்றவர்களின் ஈறுகள் தேறின, தாய்க்கோ சேய்க்கோ அதனால் தீங்கு கூடவில்லை.

ஆகவே ரத்தம் கசியும் இடத்தைத்தான் மென்மையான பிரஷ்ஷால், ஈறு விளிம்பை நோக்கிச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல் துலக்க வேண்டும். வாந்தி எடுத்தால் உடனே பல் துலக்கக் கூடாது. இரைப்பை அமிலம் எனாமலை இளக்கியிருக்கும் என்பதால், ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்த ஒரு குவளை நீரால் முதலில் வாய் கொப்பளிக்க வேண்டும். கிருமிப்படலம் இறுகிப் பல்லில் ஒட்டிக்கொள்ளும் காறையை அகற்றினால் பல் ஆடிவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. உண்மையில் அந்தக் காறைக்கு அடியில்தான் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கலாம்.

பல் மருத்துவரிடம் எந்த மாதத்திலும் போகலாம். நாற்காலியில் வசதியாகச் சாய முடிகிற நடு மாதங்கள் இன்னும் ஏற்றவை. கடைசி மாதங்களில் மல்லாந்து படுத்தால் கருப்பை பெரும் சிரையை அழுத்தித் தலைசுற்றலை உண்டாக்கும் என்பதால், சற்று இடப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் ஊசியும், ஈயக் கவசத்துடன் எடுக்கப்படும் பல் எக்ஸ்ரேயும் தேவைப்படும்போது பாதுகாப்பானவை. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் குழந்தையின் பற்களில் கறை ஏற்படுத்தக்கூடியவை என்பதால், எத்தனையாவது மாதம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மகப்பேற்றுக்குப் பின் வீக்கம் சில மாதங்களில் வடியும். ஆனால் முன்பே கரைந்த எலும்பு தானாக வளராது. அப்போதும் ரத்தம் நிற்கவில்லை என்றால், மீண்டும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.