தலைகீழாக்கம் அல்ல, உய்த்தறிதல்

"ஒலி அலைகளைக் கொண்டு கடல் தரை தலைகீழாக்கப்படுகிறது." திருத்தித் தரச் சொல்லி வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இருந்த வரி இது. இதே சொல்லாட்சி என் கண்ணில் படுவது இது மூன்றாவது முறை. கூடவே படித்துக்கொண்டிருந்த மாணவி, "கடலுக்கு அடியில மண்ணைப் புரட்டிப் போடுவாங்களா சார்?" என்று கேட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வரி அதைத்தான் சொல்கிறது.

மூலச் சொல் 'ஜியோஅகூஸ்டிக் இன்வெர்ஷன்'. 'ஜியோ' கிரேக்கத்தில் நிலம். 'அகூஸ்டிக்' கேட்டல் என்ற கிரேக்க வினையிலிருந்து வந்தது. 'இன்வெர்ஷன்' லத்தீனில் திருப்புதல். வேர் அவ்வளவுதான். மூன்று வேரையும் தனித்தனியாகப் பெயர்த்து ஒட்டியதில் பிறந்ததுதான் 'புவி ஒலியியல் தலைகீழாக்கம்'. கேட்டவுடன் நிலநடுக்கம் நினைவுக்கு வருகிறது, கடல் வருவதில்லை.

நடப்பது என்ன? ஆழம் குறைந்த கடலில் ஓரிடத்தில் ஒலி எழுப்புகிறார்கள். சில கிலோமீட்டர் தள்ளி, மேலிருந்து கீழாகத் தொங்கவிட்ட ஹைட்ரோபோன்கள், அதாவது நீருக்கடி ஒலிவாங்கிகள், அதைப் பதிவு செய்கின்றன. வழியில் ஒலி பலமுறை தரையில் பட்டு எழும்பியிருக்கும். நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர், மணலில் 1700 என்று வைத்துக்கொள்வோம். தரையை ஒட்டிச் சாய்வாக, தரையோடு 28 பாகைக்குள் வரும் ஒலியை மணல் ஏறக்குறைய முழுதாகத் திருப்பி அனுப்பிவிடும். மிக நுண்ணிய சேற்றில் ஒலி நீரைவிடச் சற்று மெதுவாகப் போவதும் உண்டு. அங்கே அந்த முழுத் திருப்பம் கிடையாது. ஆக, தரையின் தன்மை பதிவில் படிந்து வருகிறது. 'மேலே 2 மீட்டர் சேறு, கீழே மணல்' என்று ஒரு தரையை ஊகித்து, அது எப்படி ஒலிக்கும் என்று கணினியில் கணக்கிட்டு, பதிவோடு ஒப்பிடுகிறார்கள். பொருந்தவில்லையா, ஊகத்தை மாற்றுகிறார்கள். இப்படிப் பல்லாயிரம் தடவை. இதில் எது தலைகீழாகிறது?

வளிமண்டலத்தில் 'வெப்பத் தலைகீழ் மாற்றம்' என்கிறோம். அது சரி: மேலே போகப் போகக் குளிர வேண்டிய காற்று அங்கே சூடாகிறது, அடுக்கே தலைகீழ். அந்தச் சொல்லைத் தூக்கி இங்கே வைத்தால் எப்படிப் பொருந்தும்?

கணிதம் படித்த நண்பர்கள் 'நேர்மாறு' என்கிறார்கள். இது கொஞ்சம் மேல், ஆனால் எனக்கு ஒப்புதல் இல்லை. கணிதத்தில் ஓர் அணிக்கு (மேட்ரிக்ஸ்) நேர்மாறு இருந்தால் அது ஒன்றே ஒன்றுதான். இங்கேயோ வெவ்வேறு தரைகள் கிட்டத்தட்ட ஒரே பதிவைத் தரலாம். அதனால்தான் விடையோடு அது எவ்வளவு உறுதி என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். இந்தத் துறையின் உயிரே அந்தச் சந்தேகத்தில் இருக்கிறது. 'நேர்மாறு' அதை மறைத்துவிடுகிறது.

காரணத்தைக் கண்டு விளைவைச் சொல்வது வேறு, விளைவைக் கண்டு காரணத்தை அறிவது வேறு. மணிமேகலையின் 27ஆம் காதை இந்த வேறுபாட்டை அழகாகச் சொல்கிறது. கருமேகத்தைக் கண்டு மழை வரும் என்பது 'முதல்'. வெள்ளத்தைக் கண்டு மழை பெய்திருக்கிறது என்று தெளிவது 'எச்சம்'. தரை தெரிந்து ஒலியைக் கணிப்பது முதல் வகை, ஒலியைக் கேட்டுத் தரையை அறிவது எச்ச வகை. ஆனால் இன்று 'எச்சம்' என்றால் இலக்கணமோ பறவையோதான் நினைவுக்கு வரும். அதனால் எல்லோருக்கும் தெரிந்த 'உய்த்தறிதல்' போதும் என்கிறேன்: 'ஒலிவழிப் படிவு உய்த்தறிதல்'. கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.

'படிவு' என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். எதை எடுத்தாலும் 'வண்டல்' என்று எழுதுகிறார்கள். வண்டல் ஆறு கொண்டுவந்து சேர்க்கும் மென்மண். கடலடி மணலும் சரளையும் எப்படி வண்டலாகும்? அதே மொழிபெயர்ப்பில் 'வண்டலின் வேகம் 1700' என்று வேறு இருந்தது. படிவுக்குள் ஒலி போகும் வேகம் அது. படிவு எங்கும் ஓடவில்லை. எழுதியவர் அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும்.

வரியை இப்படி மாற்றி அனுப்பினேன்: "ஒலியைப் பதிவு செய்து, அதிலிருந்து கடலடிப் படிவு எத்தகையது என்று உய்த்தறிகிறார்கள்."