கூப்பர் பிளாக்: ஒரு குண்டு எழுத்தின் சூட்சுமம்

ஈஸிஜெட் விமான நிறுவனத்தின் பெயர் எழுதியிருக்கும் விதத்தைக் கவனித்திருப்பீர்கள். கொழுகொழுவென்று, கூர்முனை ஒன்றுகூட இல்லாத எழுத்துகள். பீச் பாய்ஸ் குழுவின் 1966-ஆம் ஆண்டு இசைத்தட்டு 'பெட் சவுண்ட்ஸ்' உறையிலும் இதே எழுத்துருதான். பெயர் கூப்பர் பிளாக். சிகாகோவில் விளம்பர எழுத்துகளைக் கையால் வரைந்துவந்த ஆஸ்வால்ட் கூப்பர் உருவாக்கியது. பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்டு ஸ்பிண்ட்லர் என்ற அச்செழுத்து வார்ப்பகம் 1922-இல் வெளியிட்டது. தொலைநோக்குள்ள அச்சகத்தாருக்கும் கிட்டப்பார்வையுள்ள அவர்களது வாடிக்கையாளர்களுக்கும் ஏற்றது என்று கூப்பரே கிண்டலடித்தார்.

விளையாட்டுத்தனமான எழுத்து என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கென்னவோ, இதன் உருண்டை வடிவம் அழகைவிட வேலைக்குத்தான் அதிகம் உதவுகிறது என்று தோன்றுகிறது.

ஆங்கில 'எச்', 'ஓ' இரண்டையும் ஒரே உயரத்தில் வரைந்து பாருங்கள். 'ஓ' சின்னதாகத் தெரியும். எழுத்தின் மேல், கீழ் எல்லைக் கோடுகளை வளைவு ஒரே புள்ளியில்தான் தொடுகிறது. கண் அதைக் குறைத்தே மதிப்பிடும். அதனால் வடிவமைப்பாளர்கள் 'ஓ'வை மேலும் கீழும் கோட்டைத் தாண்டி லேசாக நீட்டுவார்கள். கூப்பர் பிளாக்கில் 'எச்'சின் பாதமும் தட்டையாக இல்லை. அதுவும் உப்பித்தான் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க நேர்க்கோடு கிடைக்காததால், ஓர் எழுத்து சற்று ஏறி இறங்கி உட்கார்ந்தாலும் கண்ணுக்கு உறுத்தாது. டி-ஷர்ட்டில் இஸ்திரிப் பெட்டியால் எழுத்தெழுத்தாக ஒட்டுபவருக்கு இது எவ்வளவு வசதி!

மைக்கும் அப்படியே. அழுத்தி அச்சடிக்கும்போது மை ஓரங்களில் பிதுங்கும். மட்டமான தாளில் இன்னும் பரவும். கூரான முனைகள் மழுங்கி எழுத்தின் உருவமே மாறிவிடும். இதற்கோ மழுங்குவதற்கு முனையே கிடையாது.

ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் எழுத்தும் தனி உலோகக் கட்டையில் நின்றதால், நினைத்தபடி நெருக்க முடியாது. அப்புறம், உலோகக் கட்டைக்குப் பதிலாக எழுத்தின் உருவத்தை ஒளியால் ஃபிலிமில் பதிக்கும் ஃபோட்டோ அச்சுக்கோர்ப்பு வந்தது. எழுத்துகளை உரசும் அளவுக்கு, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் அளவுக்குக்கூட நெருக்கலாம். 1960, 70-களில் போஸ்டர்களிலும் இசைத்தட்டு உறைகளிலும் கூப்பர் பிளாக் கொடிகட்டிப் பறந்ததற்கு இந்தத் தொழில்நுட்பம் ஒரு முக்கியக் காரணம்.

சரி, புத்தகம் முழுக்க இதிலேயே அச்சடிக்கலாமா? கூடாது. கோடு தடித்த அளவுக்கு உள்ளிருக்கும் வெற்றிடம் சுருங்குகிறது. ஆங்கிலச் சின்ன 'இ'யின் (e) ஓட்டை பொடி எழுத்தில் மையால் அடைத்துக்கொள்ளும். 'சி'யா (c) 'இ'யா என்று திணற வேண்டும். தலைப்போடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

தமிழ் எழுத்தைக் குண்டாக்குபவருக்கு இந்தத் தலைவலி இரட்டிப்பு. மூன்று சுழி 'ண'வை இதே தடிமனில் வரைந்தால் சுழிகளுக்குள் வெள்ளையே மிஞ்சாது. எழுத்தை அகலமாக்க வேண்டும், இல்லாவிட்டால் சுழிக் கோட்டை மட்டும் மெலிதாக்க வேண்டும்.