சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது

"கேஸ் போட்டாச்சு சார்" என்று ஒரு சீட்டை நீட்டினார் அந்த அம்மா. வாசலில் நிறுத்திய ஸ்கூட்டர் திருடுபோய் நாலு மாதம். வாங்கிப் பார்த்தால் வெறும் சி.எஸ்.ஆர்., அதாவது மனு வாங்கியதற்கான ரசீது. வழக்கே பதியவில்லை. இன்சூரன்ஸில் எஃப்.ஐ.ஆர்., அதாவது வழக்குப் பதிந்ததற்கான முதல் தகவல் அறிக்கை, கேட்டபோதுதான் அவருக்குச் சந்தேகமே வந்திருக்கிறது.

திருட்டு போன்ற, போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173-ஆவது பிரிவு. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

அவரை மாட்டிவிட்டது ஒரே ஒரு சொல். "காணவில்லைன்னு எழுதுங்கம்மா, சீக்கிரம் முடியும்" என்றாராம் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர். காணவில்லை என்றால் குற்றமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். "திருடிவிட்டார்கள்" என்றே எழுதுங்கள். இடம், நேரம், வண்டி எண், கடைசியாகப் பார்த்தது எப்போது, எதிர்க்கடையில் கேமரா உண்டா, எல்லாம் வரட்டும். புதிதாக வரும் எஸ்.ஐ.க்களும் முதலில் கேட்க வேண்டியவை இவைதான். கேமராப் பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும்; நாலு மாதம் கழித்துப் போய் எதைப் பார்ப்பது?

"எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்பக் கூடாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும். "எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருக்கார், நாளைக்கு வாங்க" என்பதும் செல்லாது. அவர் இல்லாவிட்டால், கான்ஸ்டபிளுக்கு மேல் அங்கே இருக்கும் அடுத்த அதிகாரிதான் பொறுப்பு. "விசாரிச்சுட்டுப் போடுறோம்" என்றால், டி.எஸ்.பி. அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் அந்த முதற்கட்ட விசாரணை. அதுவும் 14 நாளில் முடிய வேண்டும். ஆன்லைனில் புகார் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும், பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

அப்படியும் பதியவில்லையா? அதே புகாரை எஸ்.பி.க்கு, மாநகரமாக இருந்தால் கமிஷனர் அலுவலகத்துக்கு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அடுத்த படி மாஜிஸ்திரேட் நீதிமன்றம். அங்கே பிரமாணப் பத்திரத்தோடு இந்தத் தபால் ரசீதையும் கேட்பார்கள், பத்திரமாக வைத்திருங்கள்.