குழாய் வந்துவிட்டது, 55 லிட்டர் வருகிறதா?

ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் போடுகிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அந்தக் குழாயோடு ஓர் அளவும் சேர்ந்து வருவது பலருக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர், ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தில், தவறாமல் வர வேண்டும். திட்டம் ஊர் மக்களுக்குக் கொடுத்த வாக்கு இதுதான்.

2019 ஆகஸ்ட் 15 அன்று திட்டம் அறிவிக்கப்பட்டபோது நாடு முழுவதும் 3.23 கோடி ஊரக வீடுகளில்தான் குழாய் இருந்தது. இப்போது அந்த எண்ணிக்கை 15 கோடியைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் மத்திய அரசும் மாநில அரசும் செலவைப் பாதிப்பாதி ஏற்கின்றன. குழாயை எண்ணிக் கணக்குக் காட்டுவது சுலபம். அதில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று யார் அளப்பது? நீரின் அளவையும் தரத்தையும் தானாக அளந்து சொல்லும் சென்சார் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். ஊர்களுக்குக் கட்டுப்படியாகும் கருவியை உருவாக்கச் சொல்லி, ஜல் சக்தி அமைச்சகமும் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் 2020-இல் ஒரு போட்டியே வைத்தன.

300 வீடு, 1,500 பேர் உள்ள ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்த ஊருக்கு நாளொன்றுக்கு 82,500 லிட்டர் வேண்டும். மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் என்றால், அதைத் தினமும் மூன்று தடவைக்குச் சற்றுக் குறைவாக நிரப்பியாக வேண்டும். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில், ஓடும் நீரை அளக்கும் ஓட்டமானி வைத்தால் எத்தனை லிட்டர் இறங்கியது என்பது சிம் கார்டு வழியாக அன்றன்றே பதிவாகிவிடும். வயல் மோட்டாரைக் கைபேசியில் போட்டு நிறுத்துகிற விவசாயிகளுக்கு இது பெரிய வித்தையாகத் தெரியாது.

ஆனால் ஓட்டமானி சொல்வது ஊர் மொத்தத்தின் கணக்கு. தொட்டியடித் தெருவில் குடம் வழிந்து ஓட, கடைசித் தெருவில் குழாய் காற்றை மட்டும் ஊதினாலும் அது 82,500 என்றே காட்டும். ஆகவே கடைக்கோடிக் குழாயில் ஓர் அழுத்த சென்சார் அவசியம். ஊருக்கு ஒன்றிரண்டுதான் வாங்க முடியும் என்றால், என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். பல ஊர்களில் அந்தக் கடைசித் தெரு யாருடையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

தரத்துக்கு, கிருமியைக் கொல்லும் குளோரினை அளக்கும் சென்சார் உண்டு. குழாய்க்கு வரும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். கைக்கணக்கில் பிளீச்சிங் பவுடர் போட்டால் ஒரு நாள் மூக்கைத் துளைக்கும், மறுநாள் ஒன்றும் இருக்காது. சென்சார் இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் அன்றே தெரிந்துவிடும். நிலத்தடி நீரில் கலந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடை இது காட்டாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்கள் அதற்கு ஆய்வகப் பரிசோதனையைத்தான் நம்ப வேண்டும். ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்பதும் திட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் ஊரில் அந்த ஐவர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்ட சென்சார் வைத்தால், மோட்டார் காற்றிழுத்து, அதன் கம்பிச்சுருள் கருகும் முன்பே எச்சரிக்கை கிடைக்கும்.

இவையெல்லாம் எல்லா ஊருக்கும் வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். வந்த இடத்திலும், எச்சரிக்கை யார் கைபேசிக்குப் போகிறது என்பதைப் பொறுத்தே பலன். மாவட்டத் தலைமையகத்துத் திரையில் மட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால் கேட்வால்வைத் திருப்ப ஆள் வராது. தொட்டி ஆபரேட்டருக்கும் கிராமக் குடிநீர் மற்றும் சுகாதாரக் குழுவுக்கும் அது வர வேண்டும். ஊருக்குள் நடக்கும் வேலையைத் திட்டமிடுவது, நடத்துவது, பராமரிப்பது எல்லாம் இந்தக் குழுவின் பொறுப்பு. உறுப்பினர்கள் 10 முதல் 15 பேர், அவர்களில் பாதிப் பேர் பெண்கள். ஊருக்குள் ஆகும் கட்டுமானச் செலவில் 10 சதவீதம் மக்கள் பங்காக வைக்கப்பட்டிருக்கிறது. மலைப்பகுதி, வனப்பகுதி ஊர்களிலும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பாதிக்கு மேல் வாழும் ஊர்களிலும் அது 5 சதவீதம். பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம். பங்கு கொடுத்தவர்களுக்குக் கணக்குக் கேட்க கூச்சம் எதற்கு?

திட்டம் 2028 வரை நீட்டிக்கப்படும் என்றும், கட்டமைப்பின் தரத்திலும் பராமரிப்பிலும் கவனம் இருக்கும் என்றும் 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். புதிதாகக் குழாய் கேட்கும் ஊர்களைவிட, குழாய் இருந்தும் தண்ணீர் வராத ஊர்களுக்கு இது முக்கியமான செய்தி.

இந்தக் கணக்கைக் கேட்கத் தோதான நாள் மார்ச் 22. உலகத் தண்ணீர் தினமான அன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. தொட்டியிலிருந்து தினமும் எத்தனை லிட்டர் இறங்குகிறது, கடைசித் தெருவில் அழுத்தம் பார்த்தார்களா, கடைசியாக எப்போது நீரைச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். பதில் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடலாம், 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.