நிலாவில் எந்த இடத்தைப் படம் எடுப்பது? வெயிலைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

பெங்களூரில் தமிழ் நண்பர்கள் கூடும் இடங்களில், நிலாப் படங்களை ஆராய்வதுதான் என் வேலை என்று தெரிந்ததும் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும். "சந்திரயான்-2 ஆர்பிட்டர் 2019லேருந்து சுத்திக்கிட்டே இருக்கே, இந்நேரம் நிலா முழுக்கப் படம் எடுத்து முடிச்சிருக்கணுமே?" நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

நிலாவின் பரப்பு சுமார் 3.8 கோடி சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போலப் பதினொன்றரை மடங்கு. அந்த ஆர்பிட்டரில் ஓ.எச்.ஆர்.சி. என்று ஒரு கேமரா இருக்கிறது. அகமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் செய்தது. 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு பிக்சலுக்குச் சுமார் 25 சென்டிமீட்டர் என்ற நுணுக்கத்தில் படம் தரும். ஒரு முக்காலி அளவுள்ள கல்லைக்கூட அதில் பார்த்துவிடலாம். ஆனால் அது பார்க்கும் அகலம் 3 கிலோமீட்டர்தான். 3 கிலோமீட்டர் அகலம், 12 கிலோமீட்டர் நீளம் என்று ஒரு பட்டை எடுத்தால் 36 சதுர கிலோமீட்டர். நிலா முழுவதையும் மூட இப்படிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பட்டைகள் வேண்டும். ஆர்பிட்டர் ஒரு நாளைக்குச் சுமார் 12 முறை நிலாவைச் சுற்றுகிறது. சுற்றுக்கு ஒரு பட்டை என்று வைத்துக்கொண்டால்கூட வேலை முடிய 200 ஆண்டுகளைத் தாண்டிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆர்பிட்டர் ஒரு சுற்று முடித்து வருவதற்குள் நிலா தன் அச்சில் கொஞ்சம் திரும்பியிருக்கும். அதனால் நிலநடுக்கோட்டருகில் அடுத்த சுற்றின் பாதை சுமார் 33 கிலோமீட்டர் தள்ளிப் போகும். 33 கிலோமீட்டர் இடைவெளியில் 3 கிலோமீட்டர் மட்டும் பார்க்கும் கேமரா. மீதியைப் பார்க்க வேண்டுமானால் கலத்தையே சாய்க்க வேண்டும். சாய்த்தால் கூடவே இருக்கும் மற்றக் கருவிகளின் பார்வையும் திரும்பும். எடுத்த படத்தைப் பூமிக்கு அனுப்பவும் நேரம் வேண்டும். 12 கிலோமீட்டர் பட்டை ஒன்றிலேயே கிட்டத்தட்ட 58 கோடி பிக்சல்கள் இருக்கும்.

ஆக, யாரோ உட்கார்ந்து 'இதை எடு, அதை விடு' என்று தீர்மானித்தாக வேண்டும். நிலா ஆராய்ச்சியில் வெளியே அதிகம் பேசப்படாத, ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற வேலை இதுதான் என்பேன்.

பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம், படம் எடுக்கத் தகுந்த இடங்களை எழுதித் தரச் சொல்வது என் வழக்கம். டைக்கோ, கோப்பர்னிக்கஸ் பள்ளங்கள், அப்போலோ 11 இறங்கிய இடம் என்று பேர் பெற்ற இடங்களாக வரும். எதிரே அட்சரேகை, தீர்க்கரேகை. அவ்வளவுதான். தாளைத் திருப்பிக் கொடுத்து இரண்டு விஷயம் கேட்பேன். எந்தக் கேள்விக்கு இந்தப் படம் பதில் சொல்ல வேண்டும்? அதற்கு எந்த வெயில் வேண்டும்? முதல் கேள்வியைச் சமாளித்துவிடுவார்கள். இரண்டாவதை அநேகமாக யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். நான் பார்த்த அளவில், நல்ல இடத்துக்கான கோரிக்கைகள்கூட உபயோகமில்லாத படமாக முடிவது இங்கேதான்.

சாயங்கால வெயிலில் உழுத வயலைப் பாருங்கள். ஒவ்வொரு சாலும் தனித்தனியாகத் தெரியும். அதே வயல் உச்சி வெயிலில் தட்டையாக, வெறும் நிறமாக இருக்கும். நிலாவில் காற்றும் இல்லை, வெளிச்சத்தைச் சிதறடித்து நிழலுக்குள் கொண்டுபோக வளிமண்டலமும் இல்லை. அதனால் அங்கே இந்த வித்தியாசம் இன்னும் கடுமையானது. சூரியன் அடிவானத்துக்கு மேல் 10 டிகிரியில் இருந்தால் ஒரு மீட்டர் உயரப் பாறையின் நிழல் 5.7 மீட்டர் நீளும். நம் கேமராவுக்கு அது இருபதுக்கும் மேற்பட்ட பிக்சல்கள். பாறையின் உயரத்தை நிம்மதியாக அளந்துவிடலாம். 45 டிகிரியில் அதே நிழல் ஒரு மீட்டர், நான்கே பிக்சல். உச்சிக்குப் போனால் நிழலே இல்லை.

அதற்காக உச்சி வெயில் வீண் என்று அர்த்தமில்லை. மண்ணின் நிற வேறுபாடு, புதிதாக விழுந்த கல் கிளறிவிட்ட வெளிர்மண், இளம் பள்ளங்களைச் சுற்றியுள்ள கதிர்க்கோடுகள் எல்லாம் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். வடிவம் வேண்டுமா, சாய்ந்த வெயில். பொருள் வேண்டுமா, உயர்ந்த வெயில். ஒரே படத்தில் இரண்டும் கிடைக்காது.

சரி, இந்த மாதம் வெயில் சரியில்லை என்றால் அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நிலா ஒரு முறை தன்னைத்தானே சுற்ற 27.3 நாள். அந்த ஒரு மாதத்தில் ஆர்பிட்டர் ஓர் இடத்தின் மேல் இரண்டு தடவை போகும், ஒன்று பகலில், ஒன்று இரவில். ஆக, மாதத்துக்கு ஒரே வாய்ப்பு. ஆர்பிட்டரின் பாதைத் தளம் விண்வெளியில் அப்படியே நிற்க, சூரியன் இருக்கும் திசை நாளுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி மாறிக்கொண்டே போகிறது. அடுத்த மாதம் வரும்போது வெயிலின் கோணம் நிலநடுக்கோட்டுப் பகுதியில் சுமார் 27 டிகிரி மாறியிருக்கும். நமக்கு வேண்டிய அதே வெயில் திரும்ப வருவதற்குப் பல மாதம் ஆகலாம்.

சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டரைத் தேடிய கதையில் இந்த விஷயம் எல்லாருக்கும் தெரியும்படி நடந்தது. 2019 செப்டம்பர் 7 அன்று விக்ரம் தொடர்பை இழந்து மோதியது. நாசாவின் எல்.ஆர்.ஓ. ஆர்பிட்டர் செப்டம்பர் 17 அன்று அந்த இடத்தின் மேல் பறந்தபோது அங்கே பொழுது சாயும் நேரம். நிழல்கள் நீண்டு பெரும்பகுதியை மூடியிருந்தன. வெளியான அந்தப் படத்தைச் சென்னையில் இருந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், மோதலுக்கு முன் எடுத்த படத்தோடு பொறுமையாக ஒப்பிட்டு, புதிதாக ஒரு வெளிச்சப் புள்ளி இருப்பதைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு அக்டோபரிலும் நவம்பர் 11 அன்றும் எடுத்த படங்களைக் கொண்டு எல்.ஆர்.ஓ.வின் கேமரா குழு அதை உறுதிசெய்தது. நவம்பர் படத்தில்தான் வெயிலும் நுணுக்கமும் நன்றாக அமைந்தன. ஒரு பிக்சலுக்கு 0.7 மீட்டர். டிசம்பர் தொடக்கத்தில் நாசா அவர் பேரைச் சொல்லியே அறிவித்தது. அவர் கண்டது மோதிய இடத்திலிருந்து சுமார் 750 மீட்டர் வடமேற்கே கிடந்த சிதறல்.

இதைப் பேசும்போது எல்லாரும் அவருடைய கண்ணையும் பொறுமையையும் பாராட்டுகிறோம். பாராட்ட வேண்டியதுதான். நான் கூடவே சொல்ல விரும்புவது, அந்த 'முன்' படத்தைப் பற்றி. அது இல்லையென்றால் எதோடு ஒப்பிடுவது? விக்ரம் விழும் என்று தெரிந்து யாரும் அதை எடுக்கவில்லை.

2013 மார்ச் 17 அன்று நிலாவின் இம்ப்ரியம் சமவெளியில் ஒரு விண்கல் மோதிய ஒளிவெட்டைப் பூமியிலிருந்த தொலைநோக்கி பதிவுசெய்தது. பிறகு எல்.ஆர்.ஓ. எடுத்த படங்களில் அங்கே சுமார் 18 மீட்டர் அகலத்தில் புதுப் பள்ளம் இருந்தது. அது புதியது என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், யாரும் பெரிதாக மதிக்காத அந்தச் சமவெளியின் பழைய படம் கையில் இருந்தது. அதனால் இலக்குப் பட்டியலில் பேரில்லாத, பார்க்க ஒன்றுமில்லாத இடங்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பேர் பெற்ற பள்ளத்தைப் பத்தாவது தடவை எடுப்பதைவிட இது மேல்.

தரையிறங்கும் இடம் தேடும்போது கேள்வி வேறு. அழகு, ஆராய்ச்சி எல்லாம் அப்புறம், முதலில் கால் வைக்க இடம் வேண்டும். சரிவு எவ்வளவு, பாறை எத்தனை, சின்னச் சின்னப் பள்ளங்கள் எங்கே, வெயில் எத்தனை நாள் நிற்கும், பூமியோடு பேச வழி தெரிகிறதா? சந்திரயான்-2 இறங்க வேண்டிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர். சந்திரயான்-3க்கு அதை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். அப்படி விரித்தால் அந்தப் பரப்பு முழுவதையும் பாறை பாறையாகப் பார்த்திருக்க வேண்டும். பழைய ஆர்பிட்டரின் கேமரா புதிய லேண்டருக்குச் செய்த பெரிய உதவி அது. ஒரே இடத்தை வெவ்வேறு சுற்றுகளில் கோணம் மாற்றி எடுத்தால் இரண்டு படங்களிலிருந்தும் மேடு பள்ளக் கணக்கு கிடைக்கும். 2023 ஆகஸ்ட் 23 அன்று, விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்த லேண்டர், தெற்கே 69.37 டிகிரியில் இறங்கியது.

தென்பகுதி மேட்டுநிலம். அங்குள்ள பாறை அனார்த்தோசைட் என்ற வெளிர்நிற வகை. லேண்டரைச் சோதித்துப் பார்க்க நிலா மண் மாதிரி வேண்டும் என்றபோது நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டியிலிருந்துதான் அதே வகைப் பாறையை அரைத்து பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். நிலா ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும்போது அந்த ஊரையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது.

துருவத்தை நோக்கிப் போகப் போக ஆர்பிட்டரின் பாதைகள் நெருங்கி வரும். 33 கிலோமீட்டராக இருந்த இடைவெளி 70 டிகிரியில் 11 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். துருவத்திலோ ஒவ்வொரு சுற்றும் அதன் மேல்தான். வாய்ப்பு அள்ளிக் கொடுக்கிறது, ஆனால் வெயில் கிடையாது. நிலாவின் அச்சுச் சாய்வு வெறும் 1.5 டிகிரி. அங்கே சூரியன் எப்போதும் அடிவானத்தை உரசிக்கொண்டே போகும். சில பள்ளங்களின் அடியில் வெயிலே படாது. அங்கேதான் பனிக்கட்டி இருக்கக்கூடும் என்று தேடுகிறோம். சாதாரணக் கேமராவுக்கு அது இருட்டு. கொரியாவின் தனூரி கலத்தில் போன ஷேடோகேம், விளிம்பு மலைகளில் பட்டுத் திரும்பும் மங்கலான ஒளியிலேயே படம் எடுக்கும். சந்திரயான்-2இன் ரேடாருக்கு வெயிலே தேவையில்லை. எனவே கோரிக்கை எழுதும்போது 'இதற்குக் கேமராதான் சரியான கருவியா?' என்றும் ஒரு வரி யோசிப்பது நல்லது.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், குறிவைப்பது. நிலாவுக்குள் நிறை சீராகப் பரவியிருக்கவில்லை. பெரிய சமவெளிகளுக்கு அடியில் நிறை கூடுதலாக இருப்பதை 1968லேயே, லூனார் ஆர்பிட்டர் கலங்களின் பாதை ஆடியதை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அந்த இழுப்பால் ஆர்பிட்டர் எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பதை ரொம்ப நாள் முன்னதாகத் துல்லியமாகச் சொல்வது கஷ்டம். தரையின் மேல் அது நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. ஒரு நொடி பிசகினால் ஒன்றரை கிலோமீட்டர் போச்சு. பட்டையின் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் இலக்கைக் கேட்டால் ஓரம் வெட்டுப்படும்.

வாட்ஸ்அப்பில் வரும் 'நிலாப் படங்கள்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். பள்ளம் மேடாகத் தெரிகிறது, யாரோ கட்டிய கோபுரம் தெரிகிறது என்று அனுப்புவார்கள். வெளிச்சம் மேலேயிருந்து வருவதாகவே நம் மூளை நினைத்துக்கொள்ளும். படத்தில் வெயில் கீழ்ப்பக்கத்திலிருந்து வந்தால் பள்ளம் புடைத்துத்தான் தெரியும். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், சரியாகிவிடும். எடுத்த கலம், தேதி, இடம், வெயில் கோணம் எதுவும் இல்லாமல் வரும் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். அசல் படங்கள் பெங்களூருக்கு அருகே பியாலாலுவில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தின் பிரதான் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பதிவுசெய்துகொண்டால் போதும். படத்தோடு வரும் விவரக் கோப்பையும் சேர்த்து இறக்குங்கள். வெயில் கோணம் அதில்தான் இருக்கும்.

ஒரு கோரிக்கை எப்படி இருக்க வேண்டும் என்று மாணவர்களுக்குக் காட்ட நான் எடுப்பது ஈனா என்ற இடம். வடக்கே 18.7 டிகிரி, கிழக்கே 5.3 டிகிரி. 1971இல் அப்போலோ 15 சுற்றுப்பாதையிலிருந்து எடுத்த படங்களில் முதலில் கவனித்தார்கள். கரடுமுரடான, வெளிறிய தரைக்கு நடுவே மொழுமொழுவென்ற மேடுகள். மேடுகளில் பள்ளங்கள் குறைவாக இருப்பதால் அவற்றை உருவாக்கிய எரிமலைக் குழம்பு 10 கோடி ஆண்டுக்குள் வந்தது என்று 2014இல் ஒரு குழு வாதிட்டது. இல்லை, 300 கோடி ஆண்டுக்கு மேல் பழையது, நுரைத்த குழம்பு என்பதால் பள்ளங்கள் சின்னதாகப் பதிந்திருக்கின்றன என்று இன்னொரு தரப்பு. இதில் நமக்கு வேண்டியது மேட்டின் ஓரமும் அதன் சரிவும், அங்கே பாறைகள் இருக்கின்றனவா என்பதும். எனவே முதல் படம் 15 டிகிரி வெயிலில். தரையின் வெளிர்ப்பு புதுமையைக் காட்டுகிறதா என்று பார்க்க இரண்டாவது படம் 60 டிகிரிக்கு மேல். இரண்டுக்கும் நடுவே சுமார் இரண்டு மாதம். ஈனாவின் அகலமே கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் என்பதால் நடுப்புள்ளியைக் கொடுத்தால் ஏதாவது ஓர் ஓரம் போய்விடும். ஆகவே கிழக்கு ஓரத்தைக் குறிவைத்து, வெளியே இருக்கும் சாதாரணச் சமவெளியும் கொஞ்சம் உள்ளே வரும்படி கேட்க வேண்டும். ஒப்பிட அது வேண்டும். இரண்டாவது படத்திலும் அதே ஓரம் விழாவிட்டால் கோரிக்கை நிறைவேறவில்லை என்று அதிலேயே எழுதிவிட வேண்டும்.