பேங்க் ஸ்டேட்மென்ட் மட்டும் கணக்கு ஆகாது

சேவைத் தொழில் நடத்துபவர்கள் கணக்கு விஷயமாக என்னிடம் வரும்போது பெரும்பாலும் கையில் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று பேங்க் ஸ்டேட்மென்ட், இன்னொன்று ஒரு பை நிறைய ரசீதுகள். "எங்களுக்குச் சரக்கு கிடையாது, ஸ்டாக் கிடையாது, வந்ததும் போனதும் பேங்கிலேயே இருக்கிறது, அப்புறம் தனியாக எதற்கு எழுத வேண்டும்?" என்று கேட்பார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இந்த ஒரு நினைப்பால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சின்ன நிறுவனங்கள் திணறி நின்றதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு நிறுவனத்தைச் சொல்கிறேன். இயந்திரங்களைப் பராமரித்துக் கொடுக்கும் தொழில், மொத்தம் மூன்று பேர். ஆண்டு ஒப்பந்தம் போட்டு, ஆண்டு முழுவதற்குமான தொகையை முதலிலேயே வாங்கிவிடுவார்கள். ஒரு மாதம் நிறைய ஒப்பந்தங்கள் சேர்ந்து வந்தன, பேங்கில் பணம் குவிந்தது. உரிமையாளர் அதை அந்த மாதத்து லாபம் என்றே நம்பி வண்டி வாங்கினார், ஆள் சேர்த்தார். ஐந்தாவது மாதம் சம்பளம் போடப் பணமில்லை. அவர் வீண் செலவு செய்பவர் கிடையாது, வேலையிலும் கெட்டிக்காரர். அவருக்குத் தெரியாமல் போனது ஒன்றே ஒன்றுதான்: வந்த பணத்தில் பெரும்பகுதி இன்னும் அவருடையது ஆகவில்லை.

12,000 முன்பணமாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எழுத வேண்டியது (பற்று, வரவு என்பவை ஒரு கணக்கின் இரண்டு பக்கங்கள், விளக்கம் கீழே வருகிறது): பேங்க் கணக்கில் 12,000 பற்று, 'முன்கூட்டிப் பெற்ற வருமானம்' என்ற கணக்கில் 12,000 வரவு. பெயரில் வருமானம் என்று இருந்தாலும் அது பொறுப்பு, அதாவது வேலை செய்து தீர்க்க வேண்டிய கடன். ஒவ்வொரு மாதமும் வேலை நடந்த பிறகு 1,000ஐ அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்து வருமானத்துக்கு மாற்ற வேண்டும். ஐந்து மாதம் முடிந்தால் வருமானம் 5,000, இன்னும் தீர்க்க வேண்டியது 7,000. இந்த இரண்டு எண்களில் ஒன்றைக்கூட ஸ்டேட்மென்ட் காட்டாது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. வேலையை முடித்து பில் கொடுத்துவிட்டீர்கள், பணம் இரண்டு மாதம் கழித்து வரும். வருமானம் பில் கொடுத்த அன்றே எழுதப்பட வேண்டும்: வாடிக்கையாளர் கணக்கு பற்று, சேவை வருமானம் வரவு. பணம் வரும் நாளில் பேங்க் பற்று, வாடிக்கையாளர் கணக்கு வரவு, அவ்வளவுதான், அன்றைக்கு வருமானக் கணக்கைத் தொடவே கூடாது. ஒரே பில்லை இரண்டு முறை வருமானமாக ஏற்றி, இல்லாத லாபத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் நிறையப் பேர். அதைவிட வருத்தமானது, பில் கொடுத்ததையே எழுதாமல் விட்டு, யாரிடம் எவ்வளவு பாக்கி என்றே மறந்து போவது. வரி செலுத்துவதற்கு ரொக்க அடிப்படையிலேயே, அதாவது பணம் கைமாறும்போது மட்டும் எழுதி, கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சில நாடுகள் சிறு தொழில்களுக்கு அனுமதி தருகின்றன. அது வரிக்கு. உங்கள் தொழில் எங்கே நிற்கிறது என்று தெரிய நான் மேலே சொன்ன முறை வேண்டும்.

இங்கே தமிழில் படிப்பவர்களுக்கு ஒரு தனிக் குழப்பம் உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் 'வரவு செலவு' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம், அங்கே வரவு என்றால் வருகிற பணம். ஒவ்வொரு நடப்பையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்கில் 'பற்று வரவு' என்பது வேறு. ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் அது பற்று, வெளியே போனால் வரவு. இதைக் கேட்டதும் பலர் தலைகீழாக இருக்கிறதே என்று மிரண்டு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். போதாததற்கு பேங்க் ஸ்டேட்மென்டில் நாம் போட்ட பணம் வரவு என்று இருக்கும். காரணம் எளிது: அது பேங்க் தன் கணக்கிலிருந்து எழுதுவது. நம் பணம் நமக்குச் சொத்து, பேங்குக்கு அது நமக்குத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பு. ஒரே பணம், இரண்டு பக்கம் நின்று பார்க்கிறோம். சொத்தும் செலவும் கூடினால் பற்று, பொறுப்பும் முதலும் (தொழிலில் உரிமையாளருக்குச் சொந்தமான பங்கு) வருமானமும் கூடினால் வரவு. இதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள், இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

அடுத்தது உரிமையாளர் எடுக்கும் பணம். தனி ஆள் நடத்தும் தொழிலில் வீட்டுச் செலவுக்குத் தொழில் கணக்கிலிருந்து எடுப்பது இயல்புதான். ஆனால் அது செலவு ஆகாது, 'எடுப்பு' என்று தனியாக எழுதி முதலிலிருந்து குறைக்க வேண்டும். செலவில் கலந்துவிட்டால், லாபம் தரும் தொழில்கூட நஷ்டத்தில் ஓடுவது போலத் தெரியும், அந்தத் தப்பான எண்ணை நம்பி ஒருவர் தொழிலையே மூடலாமா என்று யோசித்ததை நேரில் கண்டேன். தொழிலுக்குத் தனி பேங்க் கணக்கு இல்லையென்றால் முதலில் அதைத் தொடங்குங்கள்.

ஆன்லைனில் பணம் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பில் 10,000, கட்டணம் 200 பிடித்துக்கொண்டு 9,800 வருகிறது. வருமானம் 9,800 என்று எழுதாதீர்கள். பேங்க் 9,800 பற்று, கட்டணச் செலவு 200 பற்று, வாடிக்கையாளர் கணக்கு 10,000 வரவு. 9,800 என்று மட்டும் எழுதினால், பில்லை முழுதாகக் கட்டியவர் பெயரில் 200 பாக்கி நிற்கும், ஆண்டு முழுக்கக் கட்டணத்துக்கே எவ்வளவு போனது என்பதும் தெரியாது.

சில்லறைச் செலவுக்கு முன்பண முறை நல்லது. பெட்டியில் 2,000 வையுங்கள். எப்போது எண்ணினாலும் மிச்ச ரொக்கமும் வவுச்சர்களும் சேர்ந்து 2,000 வர வேண்டும். தீர்ந்ததும் செலவான அளவை மட்டும் திரும்ப நிரப்புங்கள். வெப்பத்தாளில் அச்சாகும் ரசீது சில மாதங்களில் வெளிறிவிடும், அதனால் வாங்கிய அன்றே படம் எடுத்து, எதற்காக என்று ஒரு வரி எழுதி வையுங்கள். தொகை ரசீதில் இருக்கும், காரணம் உங்கள் தலையில்தான் இருக்கும், அது மறந்துவிடும்.

மாதக் கடைசியில் இருப்பாய்வு, அதாவது எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளைக் கூட்டிப் பார்க்கும் பட்டியல், எடுத்து இரண்டு பக்கமும் இடிக்கிறது என்றால் பதற வேண்டாம். வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், 54ஐ 45 என்பது போல இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசத்தில் பாதித் தொகைக்கு ஒரு பதிவு இருந்தால், அது தப்பான பக்கத்தில் ஏறியிருக்கலாம். தப்பை அழித்துத் திருத்தாதீர்கள், திருத்தப் பதிவு ஒன்றைத் தேதியோடு போடுங்கள். அப்புறம் ஒன்று, இரண்டு பக்கமும் சமமாக வந்தாலும் எழுதவே விட்டுப்போன பில்லை இருப்பாய்வு காட்டிக்கொடுக்காது. அதற்காகத்தான் பில் எண்களை வரிசை விடாமல் சரிபார்ப்பதும், ஸ்டேட்மென்டோடு வரிக்கு வரி ஒத்துப்பார்ப்பதும். ஸ்டேட்மென்டுக்கு உரிய இடம் அதுதான்.

இத்தனை நாள் எழுதவில்லையே, இனி எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களிடம் பழையதைத் தோண்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்வேன். இன்றைக்கு ஒரு தேதியைப் போடுங்கள். கையில் உள்ள ரொக்கம், பேங்க் இருப்பு, வர வேண்டிய பாக்கிகள், கருவிகளின் இன்றைய மதிப்பு எல்லாம் ஒரு பக்கம். கொடுக்க வேண்டிய கடன், வேலை முடிக்காமல் வாங்கி வைத்திருக்கும் முன்பணம் இன்னொரு பக்கம். முதல் பக்கத்திலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது உங்கள் முதல். இதுதான் தொடக்கப் பதிவு, நாளைக்கு நடப்பதை நாளைக்கே இதற்கு அடுத்த வரியில் எழுதலாம்.